அபதானித் தொனியும் நம் செவியும்: மலைமொழி ஆவணம் பற்றிய ஒரு மதிப்பீடு

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் மைசூரில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பின்னர் வடகிழக்கு மலைநாட்டு மொழிகளை ஆராயும் பணியில் ஒரு கணிசமான பங்கு தென்னாட்டிலிருந்து சென்ற மொழியியலாரின் கைக்கு வந்தது. தாடோ மொழிக்கு ம. சு. திருமலையும் தாங்குல் நாகா மொழிக்கு ஆரோக்கியநாதனும் ஆற்றிய பணிகள் தமிழ் மொழியியல் துறைகளில் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. அவ்வரிசையில் 1985-இல் வெளிவந்தது பி. டி. ஆபிரகாமின் அபதானி இலக்கணம். அதனைத் தொடர்ந்து 1987-இல் அவருடைய அபதானி-ஆங்கிலம்-இந்தி அகராதியும் வந்தது. இமயமலையின் கீழைப் பகுதியில் வழங்கும் தானி மொழிகளுள் ஒன்றுக்கு இந்திய நிறுவனம் ஒன்று விரிவான இலக்கணம் எழுதிய முன்முயற்சிகளுள் இது ஒன்றாகும். இந்நூல் கண்டது எது, காணாது விட்டது எது, அவ்விடுபாடு எதனால் நேர்ந்தது என்பனவற்றைப் பின்வந்த ஆய்வுகளின் துணையோடு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆபிரகாம் ஒருவர்மேல் குற்றம் காண்பது நோக்கமன்று. அவர் பெற்ற பயிற்சிதான் இக்கட்டுரை ஆசிரியரும் பெற்ற பயிற்சி. அப்பயிற்சியே இங்கு ஆய்வுக்குரியது.

தானி என்னும் பெயர் குறித்து முதலில் சிறிது கூறவேண்டும். 1909-இல் வெளிவந்த இந்திய மொழியியல் அளவையின் மூன்றாம் தொகுதியில் கோனோ இம்மொழிகளை 'வட அசாம் பிரிவு' என்ற தலைப்பின்கீழ் அடக்கினார். அஃது இடம் கருதிய பெயரே. அபோர், மிரி, டஃப்லா என்னும் பெயர்கள் சமவெளியார் இட்டவை. அவற்றுட் சில இழிவுப் பொருளும் தருவன. அபோ தானி என்னும் முன்னோனின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கருதும் இம்மக்களின் மரபை ஒட்டி, 1993-இல் பெர்க்லியில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஜாக்சன் சுன் 'தானி' என்னும் பெயரை நிலைநிறுத்தினார். ஆதி, காலோ, நியிஷி, தாகின், அபதானி, அசாமில் வழங்கும் மிசிங் முதலியன இக்கிளையைச் சேர்ந்தவை. 2008-இல் பழங்குடிப் பட்டியலில் டஃப்லா என்னும் பெயர் நீக்கப்பட்டு நியிஷி என்பது சட்டப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணை 'நிசி/டஃப்லா' என்றே தலைப்பிடுகிறது. அபதானியையும் அதன்கீழ் ஒரு தாய்மொழியாகவே வைக்கிறது. சட்டம் கைவிட்ட சொல்லை அட்டவணை கைவிட மறந்தது போலும்.

அபதானி பேசுவோர் அருணாசலப் பிரதேசத்தின் கீழ்ச் சுபன்சிரி மாவட்டத்தில், சீரோ பள்ளத்தாக்கில் நெருங்கிய ஊர்களில் வாழ்கின்றனர். நீர்பாய் நெல்வயலில் மீனும் வளர்க்கும் இவர்களது வேளாண்மை மானிடவியலார் நன்கறிந்தது. ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் 1944-45-இலேயே அங்குத் தங்கி ஆய்ந்தார். இவ்வாறு வெளியுலகக் கவனத்தைப் பெரிதும் பெற்ற ஒரு சமூகத்தின் மொழியில், தொனி என்னும் அடிப்படைக் கூறு அண்மைக்காலம்வரை தெளிவுபடாமல் இருந்தது வியப்புக்குரியது.

ஆபிரகாம் அபதானியில் மூன்று தொனிகளைக் கண்டார். அவை ஏற்றம், இறக்கம், சமநிலை என்பன. இவை உயிரின்மேல் அமைவன என்பது அவர் விளக்கம். 2013-இல் மார்க் போஸ்ட்டும் அபதானி மொழியினரான தாகே கன்னோவும் இணைந்து எழுதிய ஆய்வு இதனை மறுபரிசீலனை செய்தது. அடிநிலையில் உள்ளவை இரண்டே தொனிகள், உயர்வும் தாழ்வும், என்பது அவர்கள் முடிவு. ஈரசைச் சொற்களில் இவ்விரு தொனிகளும் சொல்லமைப்போடும் அசையின் எடையோடும் உறழும்போது, புறநிலையில் சமநிலை, இறக்கம், ஏற்றம் என அதிக அளவாக மூன்று வடிவங்கள் தோன்றுகின்றன.

இங்கு ஒன்று நோக்கற்பாலது. ஆபிரகாம் பிழையாகக் கேட்கவில்லை. அவர் கேட்ட மூன்றும் உண்மையிலேயே ஒலித்தவை. பின்னவர்களும் அம்மூன்றையே கேட்டனர். புறநிலை வடிவங்களை அவர் தொனியன்களாக எண்ணிவிட்டார் என்பதே வேறுபாடு. செவி சரியாக இருந்தது. பகுப்பு நின்ற இடம்தான் பொருந்தவில்லை. மாற்றொலியையும் ஒலியனையும் பிரித்துக் காட்டுதல் அமைப்பு மொழியியலின் அரிச்சுவடி. உயிரிலும் மெய்யிலும் அதனைப் பிழையின்றிச் செய்யும் நாம் தொனி என்று வரும்போது ஏன் தடுமாறுகிறோம்?

இதற்கான விடையும் 2013-ஆம் ஆண்டு ஆய்விலேயே உள்ளது. உயிரின் நீட்சி, மூக்கொலிச் சாயல், குரல்வளை அடைப்பொலி ஆகிய மூன்றும் அபதானியில் அசையைக் கனமாக்குகின்றன. முந்தைய விளக்கங்கள் எவற்றிலும் இம்மூன்றும் போதிய அளவு பதிவாகவில்லை என்றும், இவையின்றித் தொனியைப் பகுத்தறிய இயலாது என்றும் அவர்கள் கூறுகின்றனர். ஒரே உயர்தொனி மென்மையான அசையில் ஒருவகையாகவும் கனமான அசையில் வேறுவகையாகவும் ஒலிக்கக்கூடும். எடையைக் குறிக்காத ஏட்டில் அவ்விரண்டும் இரு வேறு தொனிகளாகவே தோன்றும். பதிவில் விடுபட்ட கூறு பகுப்பில் தொனியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

தமிழ் மரபில் பயின்றவருக்கு இது நகைமுரணாகத் தோன்றவேண்டும். குறில், நெடில், ஒற்று என எடைபோட்டுக் கேட்பதில் நம்மைவிடப் பழகிய செவி எது? ஆயினும் இவ்வொப்புமையை அளவு மீறி இழுத்தல் ஆகாது. யாப்பிலக்கணத்தார் கூறும் அசை இன்றைய மொழியியல் கூறும் அசையன்று. 'கட' என்பது ஈருயிர்களை உடையது; ஆனால் நிரை என ஓரசையே ஆகும். தனிக்குறிலும் நெடிலும் ஒருங்கே நேரசையாதலின், நேர் நிரைப் பாகுபாடு மென்மை கன்மைப் பாகுபாட்டோடு நேருக்கு நேர் பொருந்தாது. வடமொழியாரின் லகு, குரு என்னும் பாகுபாடே இங்கு நெருக்கமானது. நம் மரபிலிருந்து பயன்படுவது அசையின் பெயரன்று, மாத்திரை என்னும் கருத்து. ஓர் ஒலியின் கால அளவும் அதன்பின் நிற்கும் ஒற்றும் சொல்லின் ஓசையை ஆளும் என்பதை நாம் இளமையிலேயே கற்கிறோம். களத்திற்குச் செல்லும்போது அக்கல்வியை ஊரிலேயே விட்டுச் செல்கிறோம்.

எழுத்துமுறையும் இதற்கு ஒரு காரணம் எனக் கருதலாம். அபதானியில் 'ஞாயிறு' டான்யி. 'திங்கள்' என்பதன் முதல் உயிர் இதழ் குவியாத மேல் நடு உயிர். வழக்கில் பலர் இந்நடு உயிரை உரோமன் எழுத்தில் 'ஐ' என்னும் எழுத்தை இரட்டித்துக் குறிப்பர். அதனைக் கண்ட தமிழர் ஒருவர் 'பீலோ' என நெடிலாகவே படிப்பார், அது பிழை. இரட்டிப்பு உயிரின் தன்மையைக் காட்டச் செலவாகிவிட்டால் அதன் நீட்சியைக் காட்ட எஞ்சுவது எது? தம் இனப்பெயரின் ஈற்றுயிரையும் சிலர் இவ்வாறு இரட்டித்தும் சிலர் 'டபிள்யூ' என்னும் எழுத்தாலும் எழுதுகின்றனர். காலோ மொழியினர் இச்சிக்கலுக்குத் துணிவான தீர்வு கண்டனர். தம் மொழிக்குத் தேவையற்ற 'வி', 'டபிள்யூ' என்னும் எழுத்துகளை இரு நடு உயிர்களுக்கு ஒதுக்கினர். எழுத்தை இரட்டிப்பதை நீட்சிக்கென்றே வைத்துக்கொண்டனர். பார்ப்பவர்க்கு விசித்திரமாக இருப்பினும், ஒலியனியல் நோக்கில் இது செம்மையான முறை.

நடு உயிர்கள் நமக்கும் புதியன அல்ல. இருளத்திலும் தோடத்திலும் அவை உண்டு. மலையாளத்தார் சொல்லீற்றுக் குறுகிய உகரத்தைச் சந்திரக்கலையிட்டுக் காட்டுவர். நாம் குற்றியலுகரத்தை அறிந்தும் எழுத்தில் குறிப்பதில்லை. நீலகிரி மொழிகளைத் தமிழெழுத்தில் எழுதும் முயற்சிகளில் இவ்வுயிர்கள் இகரமாகவோ உகரமாகவோ கரைந்துபோவதைக் காண்போர், காலோ எழுத்துமுறையைக் கருத்தூன்றிக் கற்றல் நன்று.

சொல் என்பது யாது என்னும் வினாவிலும் தானி மொழிகள் நம் இலக்கண வரிசையின் அமைப்பைச் சோதிக்கின்றன. அவ்வரிசை நூல்கள் ஒலியனியல், உருபனியல், தொடரியல் என்னும் ஏறுநிரலில் அமைவன. ஒலியன்கள் கூடி உருபனாகும், உருபன்கள் கூடிச் சொல்லாகும், சொற்கள் கூடித் தொடராகும் என்னும் எண்ணம் அதன் அடியில் உள்ளது. போஸ்ட் 2007-இல் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திற்கு அளித்த காலோ இலக்கணமும், சொல் பற்றி 2009-இல் அவர் எழுதிய கட்டுரையும் இந்நிரல் அங்கு உடைவதைக் காட்டுகின்றன. காலோவில் தொனி உருபனுக்கு உரியது. ஆனால் வெளிப்படுவதோ ஒலியனியல் சொல் முழுவதிலும். இலக்கணச் சொல் ஒன்று ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியனியல் சொற்களாகப் பிரிந்து நிற்பதும் உண்டு. இரு அலகுகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் முரண்பட்டு வாழ்கின்றன. நம் மாணவர்க்கு இதனை விளக்க நான் வகையுளியையே எடுத்துக்காட்டுவது வழக்கம். செய்யுளில் சீரும் சொல்லும் எல்லை மாறி நிற்பதை நாம் இயல்பாகவே ஏற்கிறோம். அத்தகைய பிரிவு அன்றாடப் பேச்சிலும் இயல்பாக நிகழும் மொழி உண்டு என்றால் மட்டும் ஏற்கத் தயங்குகிறோம்.

பெயர்ச்சொற்களின் அமைப்பும் இவ்வாறே. 'நீர்' அபதானியில் யாசி, ஆதியில் அசி, காலோவில் இசி. வேர் ஓரசையான 'சி'. முன்னொட்டே மொழிதோறும் வேறுபடுகிறது. தொகைச்சொல்லில் இத்தகைய முன்னொட்டு நீங்க, வேர் மட்டும் நின்று புணரும். 'செம்மை' என்பது தாமரையோடு புணரும்போது ஈறு போவதை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். இங்குப் போவது ஈறன்று, முதல் என்பதே வேறுபாடு. எண்ணுப்பெயரும் தனித்து நிற்பதினும் வகைப்படுத்தி வேரோடு இணைந்து வருதலையே விரும்பும். இவ்வமைப்புடைய மொழியில் 'நீர் என்பதற்கு என்ன சொல்வீர்கள்?', 'இரண்டு என்பதற்கு என்ன சொல்வீர்கள்?' எனத் தனிச்சொற்களாக வினவித் தொகுக்கும் பட்டியல், வேர் வாழும் இடத்தை விட்டு அது விருந்துக்கு உடுத்து வந்த ஆடையையே பதிவு செய்கிறது.

மொழிபெயர்ப்பாளர் கருத்துக்கு ஒன்று. தானி வினைச்சொல்லில் வேரினைத் தொடர்ந்து செயல் நிகழ்ந்த விதம், அதன் விளைவு, திசை, நிறைவு முதலியவற்றைக் குறிக்கும் ஒட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆங்கிலத்தில் இவற்றை வினையடைகளாலும் முன்னிடைச்சொற்களாலும் பெயர்க்கும்போது, ஒரே வினையாக நின்றது உதிரிகளாகச் சிதறுகிறது. தமிழுக்கோ 'வெட்டிச் சாய்த்தான்', 'தேடிப் பிடித்தான்', 'பறித்துக்கொண்டு வந்தான்' என வினையெச்ச வழியே விதத்தையும் விளைவையும் ஒரே மூச்சில் கோக்கும் ஆற்றல் உண்டு. அமைப்பு வேறேயாயினும், ஒட்டின் பொருளை வினையாகவே காட்டும் வாய்ப்பு இங்கு மிகுதி. தானி மக்களின் இலக்கியம் இதுவரை பெரும்பாலும் லும்மர் தாய் போன்றோரின் அசாமிய எழுத்துகள் வாயிலாகவும் மமாங் தாயின் ஆங்கில எழுத்துகள் வாயிலாகவுமே வெளியுலகை எட்டியுள்ளது. அம்மொழிகளின் வாய்மொழிப் பனுவல்களை உருபன் உருபனாகப் பிரித்துத் தமிழில் பொருள் தரும் பணியை நம் துறைகள் மேற்கொள்ளத்தகும். ஆங்கிலத்தை இடையில் நிறுத்தியே தீரவேண்டும் என்பது பழக்கமேயன்றித் தேவையன்று.

நம் இலக்கண நூல்களில் 'தகவலாளி' என்றொரு சொல் உண்டு. முன்னுரையின் இறுதியில் அவருக்கு நன்றி கூறப்படும்; பின்னர் அவர் நூலில் தோன்றுவதில்லை. 2013-ஆம் ஆண்டு ஆய்வில் தாகே கன்னோ ஆசிரியராக நிற்கிறார். 2009-இல் வெளிவந்த காலோ-ஆங்கில அகராதியும் காலோ மொழியினரும் போஸ்ட்டும் கூடி உருவாக்கியதே. இதனை நன்றிக்கடன் சார்ந்த மரியாதையாக மட்டும் கொள்வது போதாது. இதில் முறையியல் பயன் உண்டு. எந்த இரு சொற்கள் தமக்குள் ஒத்தொலிக்கின்றன, எவை மாறுபடுகின்றன என்பதை மொழிக்குரியவர் தாமே சோதித்துத் தீர்ப்பளிக்கும்போது, நீட்சியும் அடைப்பொலியும் விடுபட்டுப்போக வழியில்லை. மேற்படி ஆய்வின் பின்னிணைப்புகளுள் ஒன்று ஏறத்தாழ ஆயிரம் சொற்களின் தொகுதி. மற்றொன்று தொனியைக் கண்டறியும் சோதனை முறைகள். ஒரு மொழியைக் கற்க விரும்புவோருக்கு இவ்விரண்டாவது பின்னிணைப்பைப் போல் பயன்படுவது பிறிதில்லை. முடிவை மட்டும் தராது முடிவுக்கு வந்த வழியையும் தருதலின், அடுத்த பள்ளத்தாக்கின் மொழிக்குச் செல்பவரும் அதனைக் கையோடு கொண்டு செல்லலாம்.

அன்றாடப் பேச்சை மட்டும் ஆவணமாக்குதலும் குறையுடையதே. அபதானிப் பூசகரான நிபுவின் சடங்குமொழி பேச்சுவழக்கினின்று பெரிதும் வேறுபட்டது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 2008-இல் வெளியிட்ட அபதானி வாய்மொழி மரபு பற்றிய நூலில் இதற்கு உரிய இடம் தந்துள்ளார். இவர் நமக்கு அயலார் அல்லர். கன்னியாகுமரி மாவட்ட வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இலும், கம்பனை முன்வைத்துக் கேரளத்தில் நிகழும் தோற்பாவைக்கூத்தைப் பற்றி 1996-இலும் நூல்கள் எழுதியவர். பனுவலை நிகழ்வினின்று பிரிக்கலாகாது என்பதை வில்லுப்பாட்டு மேடையருகில் கற்றவர் அதனைச் சீரோவுக்கு எடுத்துச் சென்றார் எனலாம். தெற்கிலிருந்து வடகிழக்கிற்குச் சென்ற பயன்மிக்க சரக்கு அதுவே என்பது என் கருத்து.

இவற்றை எல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நகரில் 1963-இல் வ. அய். சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையைத் தொடங்கினார். அவர் முயற்சியால் திராவிட மொழியியல் கழகமும் உலகத் திராவிட மொழியியல் பள்ளியும் இங்கு அமைந்தன. கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் அகத்தியமலைச் சாரலில் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆய்வு மாணவனாக இருந்தபோது, கோட்டூரை அடுத்த குடியிருப்பு ஒன்றில் நானும் ஒரு சொற்பட்டியலோடு சென்று அமர்ந்தேன். நான் மலையாளத்தில் வினவ, முதியவர் ஒருவர் பொறுமையோடு விடையளித்தார். நான்கு நாளில் பட்டியல் நிறைந்தது. காணிக்காரர் பேச்சு மலையாளத்தின் ஒரு கிளைமொழியே, வேறுபாடு மிகச் சில என எழுதி, துறைக் கருத்தரங்கில் படித்தேன்.

அடுத்த ஆண்டு மீண்டும் சென்றபோது, அம்முதியவரின் பேத்தி அப்பட்டியலை வாங்கிப் பார்த்தாள். "இதெல்லாம் கீழேயிருந்து வருகிறவர்களிடம் தாத்தா பேசுகிறது, எங்களுக்குள் இப்படிப் பேசுகிறதில்லை" என்றாள். அன்றிரவு நோயுற்ற ஒருவருக்காகக் கொக்கரை ஒலிக்கச் சாற்றுப்பாட்டு நடந்தது. அதில் ஐந்தில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. என் பட்டியலில் இருந்த சொற்கள் அதில் அரிதாகவே காதில் விழுந்தன. நான் தொகுத்தது, விருந்தினருக்கென அவர்கள் வைத்திருந்த மலையாளம். ஆபிரகாமின் செவியாவது உண்மையில் ஒலித்ததைக் கேட்டது. என் வினாவோ ஒலிக்கவேண்டியதை ஒலிக்கவே விடவில்லை.

பத்தாயிரம் பேருக்குக் குறைந்தோர் பேசும் மொழிகளுக்கென மைசூர் நிறுவனத்தின் வழியே நடுவண் அரசு 2013-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அவ்வெண்ணிக்கைக்குக் குறைந்த தாய்மொழிகளைக் கணக்கெடுப்பு 1971 முதல் தனித்துக் காட்டாமையின், எம்மொழிக்கு எத்தனை பேர் என்பதை அறிய ஆய்வாளர் களத்தையே நம்பவேண்டியுள்ளது. களத்திலோ, 'உங்கள் மொழி யாது?' என்று மலையாளத்தில் வினவினால் 'மலையாளம்' என்றே விடை வரும். சீரோவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. வெளியார் இந்தியில் வினவ, விடையும் இந்தியில் வரும். அங்குப் பிள்ளைகள் விளையாட்டிடத்தில் இந்தி பேசுகின்றனர்; இங்குப் பள்ளிக்கு இறங்கி வரும் காணிக்காரப் பிள்ளைகள் மலையாளம் பேசுகின்றனர். வினாமொழியைக் களத்தின் மொழியாகவே வைத்துக்கொள்ளுமளவு முதலில் பேசக் கற்றல், அதன்பின் ஏட்டைத் திறத்தல் என்னும் நிரலை மாணவர்க்கு விதிக்கத் துறைகள் தயங்குகின்றன. மூன்றாண்டு உதவித்தொகையில் ஓராண்டைக் கற்பதற்கே செலவிடுதல் இயலாது என்பர். அத்தயக்கத்தின் விலை என் பட்டியலைப் போன்ற பட்டியல்கள்.

அப்பட்டியலின் தட்டச்சுப் படி துறை நூலகத்தில் இன்றும் உள்ளது. பின்வந்த இரண்டு ஆய்வேடுகள் அதனை மேற்கோள் காட்டியுள்ளன. அதன் முதற் பக்கத்தில், 'இது காணிக்காரர் மலையாளத்தாரிடம் பேசும் மொழியின் சொற்பட்டியல்' என்னும் குறிப்பைக் கடந்த ஆண்டு என் கையெழுத்தில் எழுதி வைத்தேன்.